ஆறரை மணி நேரம்

லண்டனுக்கு எத்தனை மணி நேரம் என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வரும். கேட்பவர் மேல் தப்பு ஒன்றும் இல்லை. ஊருக்குப் போனால் என்னிடம் பேச்சை ஆரம்பிக்க எல்லோருக்கும் கிடைப்பது அந்த ஒரு கேள்விதான். நான் சிடுசிடுவென்று திருப்பிக் கேட்பேன்: "எங்கேருந்து எதுவரைக்கும் கேக்குறீங்க? ஏறி எறங்குற நேரமா, என் வாசல்லேருந்து உங்க வாசல் வரைக்குமா?" கேட்டவர் முழிப்பார். "சும்மாதாம்மா கேட்டேன்" என்று சொல்லி நகர்ந்துவிடுவார். பாவம், அவருக்கு என்ன தெரியும்? இந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் ஒருதரம் ஒரு தப்பான பதில் வந்தது. அது தப்பு என்று தெரிந்தும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

திருவிடைமருதூரிலிருந்து தெற்கே போய், அரசலாற்றைத் தாண்டி உள்ளே இறங்கினால் எங்கள் ஊர். எங்கள் தெரு ஊருக்குள் இல்லை. ஊருக்கு வெளியே வாய்க்கால் கரையை ஒட்டி இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் விவசாயக் கூலிகள். அம்மா நடவு, களை, அறுப்பு எல்லாம் போவாள். அப்பா ஏர் ஓட்டுவார், போர் அடிப்பார், மீதி நேரம் சங்கம். தோளில் கிடக்கும் சிவப்புத் துண்டை அவர் எடுத்து நான் பார்த்ததில்லை. குளிக்கும்போது எடுத்திருப்பார், அவ்வளவுதான்.

நான் நடக்கப் பழகின வருஷம் என்று சொல்வார்கள். கூலி நெல்லில் அரைப்படி கூட்டிக் கேட்டு எங்கள் தெரு ஆட்கள் அறுப்புக்கு இறங்காமல் நின்றார்கள். மிராசுதார் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். களத்தில் தள்ளுமுள்ளு. ஆட்சி மாறிவிட்டது, இனி ஏழைப்பட்டவன் மேல் போலீஸ் கை வைக்காது என்று மேடையில் பேசின ஆட்கள் எல்லாம் அன்றைக்கு எங்கே போனார்களோ. அப்பாவையும் இன்னும் சிலரையும் பிடித்துக்கொண்டுபோய் திருச்சி ஜெயிலில் போட்டார்கள். அதுவரை கும்பகோணத்தைத் தாண்டாத அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரைப் பார்க்கக் கிளம்பினாள். ரோட்டுக்கு நடை, கும்பகோணத்துக்கு ஒரு பஸ், தஞ்சாவூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து திருச்சிக்கு இன்னொன்று, மறுபடியும் நடை. ஆறு மணிக்குக் கிளம்பினவள் ஜெயில் வாசலில் பன்னிரண்டரைக்குப் போய் நின்றாள். பார்த்தாள், அழுதாள், அன்றைக்கே திரும்பிவிட்டாள். அவளிடம் கடிகாரமா இருந்தது? வெளியே வந்தபிறகு அப்பாதான் கணக்குப் போட்டு, "ஆறரை மணி நேரம் வந்திருக்கடீ நீ" என்று சொன்னார். அம்மாவுக்கு அதில் ஒரு பெருமை. எங்கள் வீட்டில் ரொம்பத் தூரம் என்பதற்கு அதுதான் அளவு. யாராவது மெட்ராஸ் போகிறேன் என்றால் "ஜெயிலுக்குப் போற தூரமா, அதுக்கு மேலயா?" என்று கேட்பாள்.

ஜெயிலில் அப்பா எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டார். அதனால் நானும் அண்ணனும் படித்தோம். நான் அரசு ஹாஸ்டலில் தங்கிப் படித்து நர்ஸ் ஆனேன். தஞ்சாவூரில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, பேப்பரில் வந்த விளம்பரத்தைப் பார்த்து மெட்ராஸில் போய் இன்டர்வியூ கொடுத்து, லண்டனில் ஒரு ஆஸ்பத்திரி வேலையை வாங்கிவிட்டேன். எங்கள் தெருவிலிருந்து ஆகாயத்தில் ஏறப்போகிற முதல் ஆள் நான். தெருவே கொண்டாடியது. அம்மா மட்டும் கஞ்சி குடிக்கவில்லை.

ஒரு வாரம் அவளோடு போராடினோம். "கண்காணாத ஊருக்குப் பொட்டப்புள்ளைய அனுப்புறீங்களே, நான் செத்தா அது மூஞ்சியப் பாப்பனா?" என்று ஒரே பாட்டு. அப்பா சத்தம் போட்டுப் பார்த்தார். அண்ணன் கெஞ்சிப் பார்த்தான். நான் அம்மாவைக் கட்டிக்கொண்டு படுத்தேன், அப்போதும் அவள் முதுகைக் காட்டியே படுத்திருந்தாள். எனக்கே மனசு ஆடிப்போய்விட்டது. போகவேண்டாம் என்று முடிவு பண்ணியிருந்தேன் என்று இன்றைக்குச் சொன்னால் அது கொஞ்சம் கூட்டிச் சொல்வதாக இருக்கும். ஆனால் அந்த முடிவின் விளிம்பு வரைக்கும் போயிருந்தேன்.

அப்போதுதான் தபாலில் விமான டிக்கெட் வந்தது.

தை மாசம், அறுப்பு முடிந்து வைக்கோல் வாசனை அடிக்கிற காலம். அப்பா டிக்கெட்டை வாசலில் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்துப் படித்தார். இங்கிலீஷ் அவருக்கு வராது, எண்கள் நன்றாக வரும். "சைபர் ஆறு, சைபர் சைபர். காலையில ஆறு மணிக்கு மெட்ராஸ்ல கெளம்புது." விரல் நகர்ந்தது. "பன்னெண்டு முப்பது. பன்னெண்டரைக்கு லண்டன்ல எறங்கிருது." பிறகு நிமிர்ந்தார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு பரவியது. "ஏ இந்தா, இங்க வா. ஆறுக்குக் கெளம்பி பன்னெண்டரைக்குப் போயிருது. எத்தன மணி நேரம்? நீயே சொல்லு."

அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். அவளுக்கு ஒரு எழுத்துத் தெரியாது, இருந்தாலும் பார்த்தாள்.

"ஆறரையா?"

"ஆறரைதான்!"

"அட, நான் உங்களப் பாக்க ஜெயிலுக்கு வந்த நேரந்தானா இது!"

சிரித்துவிட்டாள். ஒரு வாரமாகச் சோறு இறங்காத அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "அட ஆயி, இதுக்கா நான் இந்த அழு அழுதேன்? காலையில கஞ்சியக் குடிச்சிட்டுக் கெளம்பினா உச்சிக்கு வந்துருவியே!" என்று என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

எனக்குத் தெரியும். மெட்ராஸில் எங்களையெல்லாம் உட்காரவைத்து விவரமாகச் சொல்லியிருந்தார்கள். நடுவில் பம்பாயில் ஒரு நிறுத்தம், எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரம். லண்டனில் கடிகாரம் நம் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடும். டிக்கெட்டில் போட்டிருப்பது அந்தந்த ஊர் நேரம். நாம் ஆறு மணிக்கு ஏறினால், அவர்களுக்குப் பன்னிரண்டரை ஆகும்போது நமக்குச் சாயங்காலம் ஆறு. அதற்கு முன்னால் ஊரிலிருந்து மெட்ராஸுக்கு ஒரு பகல். திரும்பி வரும்போது அதே கடிகாரம் எதிர்ப்பக்கம் இழுக்கும். இதையெல்லாம் சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா அதற்குள் அடுப்படிக்குப் போய்விட்டாள். ஒரு வாரத்துக்குப் பிறகு உலை வைத்தாள். குழம்புக்குக் கருவாடு கழுவிக்கொண்டே பக்கத்து வீட்டைக் கூப்பிட்டு, "ஏடி, ஆறரை மணி நேரந்தானாம்டீ!" என்று கத்தினாள். நான் வாயை மூடிக்கொண்டேன். அம்மா சாப்பிடுகிறாள், அது போதும் என்று நினைத்தேன். போய்ச் சேர்ந்தபிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

லண்டன் எப்படி இருந்தது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. குளிர், வேலை, கால் வலி, மறுபடியும் வேலை. நர்ஸுகள் தங்கும் விடுதியில் ஒரு அறை. மாடிப்படிக்குக் கீழே எல்லோருக்கும் பொதுவாக ஒரு போன். போன மூன்றாம் வாரம் அப்பா திருவிடைமருதூர் கடைத்தெருவுக்கு வந்து, பூத்திலிருந்து பேசினார். ஊரில் காலை பத்து மணி. நான் தூக்கக் கலக்கத்தில் ஓடி வந்து எடுத்து, "என்னப்பா இந்நேரத்துல, இங்க இன்னும் விடியவே இல்ல" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று "அப்பா, அப்பா" என்று கத்தினேன். "இருக்கேன், இருக்கேன்" என்றார். "இங்க வெயிலு ஏறிருச்சு" என்றார். அப்புறம் அண்ணனுக்குப் பெண் பார்த்த கதையைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அம்மாவின் கடிதங்கள் அண்ணன் கையெழுத்தில் வரும். அவள் சொல்லச் சொல்ல அவன் அப்படியே எழுதுவான். முதல் வருஷம் எல்லாக் கடிதமும் பெருமைதான். நடவு வயலில் எல்லோரிடமும் சொல்கிறாளாம்: என் மகள் நினைத்தால் ஆறரை மணி நேரத்தில் வந்து நிற்பாள். மெட்ராஸில் வேலை பார்க்கிற பக்கத்துத் தெருப் பையன் ஊர் வர ஏழெட்டு மணி நேரம் ஆகிறதாம். அவனைவிட என் மகள் கிட்டத்தில் இருக்கிறாள் என்று அடித்துச் சொல்கிறாளாம். மெட்ராஸில் இறங்கி ஊருக்கு வரும் ரோட்டையும் சேர்க்க வேண்டும் என்று அண்ணன் சொன்னால், "அது எல்லாருக்கும் உள்ளதுதானே" என்று தள்ளிவிடுவாளாம். நான் படித்துச் சிரித்தேன். சிரித்தேனே, அதைச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் வருஷம் கடிதத்தின் தொனி மாறிற்று. "அண்ணன் கலியாணத்துக்கும் வரல. ஆறரை மணி நேரந்தானே ஆயி, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ." அந்த வருஷம் எனக்கு அங்கே நர்ஸாகப் பதிவு பெறுவதற்கான தேர்வு. லீவு கேட்டால் கிடைத்திருக்கும், தேர்வு போயிருக்கும். தை மாசம் வருகிறேன் என்று எழுதினேன். தை வந்தது, நான் போகவில்லை. வார்டில் ஆள் குறைவு என்று கேட்டுக்கொண்டார்கள், இருந்துவிட்டேன். அம்மா எழுதச் சொன்னாள்: "அப்பாவ ஜெயிலு போட்டப்ப கைப்புள்ளையத் தூக்கிக்கிட்டு நான் போயிட்டு வந்தேன். அந்த நேரந்தானே உனக்கும்."

அந்தக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேப்பரை எடுத்தேன். உண்மையை எழுத ஆரம்பித்தேன். அம்மா, அது ஆறரை மணி இல்லை, கடிகாரம் வேறே, வந்து போக நாலு நாள் பாதையிலேயே போய்விடும் என்று ஒரு பக்கம் எழுதினேன். பிறகு யோசித்தேன். இப்போது எழுதினால் என்ன ஆகும்? போன வருஷமெல்லாம் மகள் பக்கத்தில் இருக்கிறாள் என்று தூங்கினவள், இனிமேல் தூங்குவாளா? கிழித்துப் போட்டுவிட்டு, அடுத்த தை மாசம் கட்டாயம் என்று எழுதினேன். பக்கத்தில் இருக்கிற மகள் ஏன் வரவில்லை என்று அவள் மனசு என்ன பாடுபடும் என்பது என் மரமண்டையில் அப்போது ஏறவில்லை. தூரம் என்று தெரிந்திருந்தால் தூரத்தைத் திட்டியிருப்பாள். நான் அந்தத் தூரத்தை எடுத்து ஒளித்துவைத்துவிட்டேன், அப்புறம் திட்ட என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்?

மூன்றாம் வருஷம் புரட்டாசி. முந்தைய கடிதத்தில், அம்மாவுக்குக் காலில் கொஞ்சம் வீக்கம் என்று அண்ணன் எழுதியிருந்தான். ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லி நான் ஒரு பெரிய பட்டியல் எழுதினேன். பெரிய நர்ஸ் இல்லையா! அவன் எழுதாமல் விட்டது, முகமும் வீங்கி, மூச்சு வாங்கி, தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்தாள் என்பது. நோய் முற்றிவிட்டது என்று தெரிந்ததும், வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று அம்மாவே அடம்பிடித்தாளாம். "புள்ள வந்தா வூட்டுக்குத்தானே வரும், ஆசுபத்திரிக்கா வரும்?" என்றாளாம்.

விடியாத நேரத்தில் மாடிப்படி போன் அடித்தது. அண்ணன். ஊரில் காலை பத்து மணி. "அம்மாவுக்கு ரொம்ப முடியல. உன்னத்தான் கேக்குது. உடனே கெளம்பு."

"கெளம்பிட்டேன்னு சொல்லுண்ணே. இப்பவே கெளம்பிட்டேன்னு சொல்லு."

வேறு என்ன சொல்வேன்? அந்த நேரத்தில் யாருக்குக் கணக்கு ஞாபகம் வரும்? லைன் கட்டாகிவிட்டது. அண்ணன் சைக்கிளில் வீட்டுக்குப் பறந்து, அம்மா காதில் குனிந்து, "தங்கச்சி கெளம்பிருச்சும்மா" என்று சொல்லியிருக்கிறான். ஆறரை விமானத்துக்கு, ஏழு ரோட்டுக்கு. ராத்திரி பன்னிரண்டுக்குள் வந்துவிடுவாள் என்று எங்கள் தெருவே கணக்குப் போட்டுவிட்டது.

நான் என்ன பண்ணினேன்? லீவுக்கு எழுதிக் கொடுத்தேன். டிக்கெட்டுக்கு அலைந்தேன். அன்றைக்கு மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் ஒரு விமானத்தில் இடம் கிடைத்தது, அதுவும் பம்பாய் வரைக்கும். புரட்டாசி வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள், ஊரில் அப்போது ஆறரை, பொழுது சாய்ந்திருக்கும். விமானத்துக்குள் உட்கார்ந்து நம் ஊர் நேரத்துக்குக் கைக்கடிகாரத்தைத் திருப்பி வைத்தேன். ஒன்பதரை மணி நேரம் ஆகாயத்தில் ஒன்றும் செய்யமுடியாமல் உட்கார்ந்திருப்பது பெரிய தண்டனை. ஓட முடியாது, இறங்க முடியாது, யாரையும் திட்டக்கூட முடியாது. சாப்பாடு கொண்டுவந்து வைத்தார்கள், அப்படியே திருப்பிக் கொடுத்தேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் "மொதல் தடவையா ஊருக்குப் போறீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "ரொம்ப சந்தோஷமா இருக்கும்" என்றாள்.

பம்பாயில் விடியற்காலம் இறங்கி, வேறு விமானம் மாறி, மெட்ராஸ் வந்து சேரும்போது காலை பத்து. அண்ணனிடம் போன் பேசி முழுசாக ஒரு நாள். வாடகைக் கார் பிடித்து, நிற்காமல் ஓட்டச் சொன்னேன். விழுப்புரம், பண்ருட்டி, அணைக்கரை. கும்பகோணத்துக்குள் நுழையும் முன் காவிரிப் பாலத்தில் கார் ஏறியபோது எட்டிப் பார்த்தேன். நுங்கும் நுரையுமாகப் புதுத் தண்ணீர், செக்கச் செவேலென்று. எனக்கு மனசு பூரித்துப்போயிற்று. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான். முறைத் தண்ணீர் விட்டிருக்கிறார்கள், சம்பா நாற்றுப் பிழைத்துக்கொள்ளும், அம்மாவுக்குச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். அந்த வருஷம் மேட்டூரில் தண்ணீர் குறைவு. பத்து நாள் விட்டுப் பத்து நாள் நிறுத்துகிறார்கள் என்று அண்ணன் எழுதியிருந்தான்.

தெருமுனையில் கார் நின்றபோது மணி ஆறு. எங்கள் வீட்டு வாசல் கழுவிவிடப்பட்டு ஈரமாக இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அண்ணி தலைவிரி கோலமாக ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு, "இப்பத்தான் தூக்குனாங்க, ரெண்டு மணி நேரம் ஆவல" என்று அலறினாள். நான் அவளை உதறிவிட்டு ஓடினேன். பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை என்று யாரோ பின்னால் கத்தினார்கள். போங்கடீ என்று ஓடினேன்.

எங்கள் தெருவின் சுடுகாடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். பாலம் கிடையாது. வாய்க்கால் வறண்டிருந்தால் பாடையோடு இறங்கி ஏறிவிடலாம். தண்ணீர் வந்துவிட்டால் கழுத்தளவு, இழுவையும் அதிகம். சுற்றிக்கொண்டு போகிற மதகுப் பாதை மிராசுதார் தெரு வழியாகப் போகிறது. அந்த வழியில் எங்கள் பிணம் போனதே இல்லை. அந்த ஒரு பாலத்துக்காக அப்பா எழுதின மனுக்கள் கொஞ்சமா? ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு கொடிக்காரர் வந்து, அடுத்த வருஷம் பாலம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார். கொடி மாறும், கும்பிடு மாறாது.

நான் கரைக்குப் போனபோது வாய்க்கால் நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. காவிரியில் நான் பார்த்துச் சந்தோஷப்பட்ட அதே தண்ணீர். அந்தக் கரையில், மூங்கில் கொத்துக்குப் பின்னால், புகை. எங்கள் தெரு ஆண்கள் அங்கே நின்றார்கள். அண்ணன் மொட்டைத் தலையோடு, ஈர வேட்டியோடு கரைக்கு வந்தான். என்னைப் பார்த்தான். என் அண்ணன் என்னை ஒருநாளும் ஏசினது கிடையாது. தண்ணீருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கத்தினான்.

"ஆறரை மணி நேரந்தானேடீ! நேத்து பத்து மணிக்கே கெளம்பிட்டேன்னியேடீ! எங்கடி போன?"

தண்ணீரில் இறங்கப் போனேன். கையைப் பிடித்து ஒருவர் இழுத்தார். அப்பா. முழங்கால் தேய்ந்துபோய் வாய்க்காலில் இறங்க முடியாமல், இந்தக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார் போலிருக்கிறது. நான் அவரைப் பார்க்காமலே தாண்டி ஓடியிருக்கிறேன். சிவப்புத் துண்டு மடியில் கிடந்தது.

"உக்காரு ஆயி" என்றார். "நான்தான் தூக்கச் சொன்னேன். தண்ணி அஞ்சு மணிக்கு இங்க வந்துரும்னு தெரியும். மதகச் செத்த நேரம் அடைக்கச் சொல்லிக் கேக்கலாம்னானுவ. அந்த மிராசுதாரே கூட, வேணா ராத்திரிக்கு மட்டும் நிறுத்திக்குங்கன்னு ஆளு அனுப்பினாரு. நான் வேணான்னுட்டேன். ஒருகாலத்துல நம்ம தெரு ஆளுங்க குத்தகை வயலுக்குத் தண்ணியடைச்சானுவன்னு நான் கோர்ட்டு வரைக்கும் போனவன். என் பொண்டாட்டி பொணத்துக்காவ இன்னொருத்தன் நாத்தக் காயப்போட முடியுமா?"

நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுதுகொண்டே அவ்வளவையும் கொட்டினேன். அப்பா, அது ஆறரை மணி நேரம் இல்லப்பா. அந்த ஊர் கடிகாரம் வேற. நீங்க டிக்கெட்டப் படிச்சப்பவே எனக்குத் தெரியும், அம்மா சிரிச்சுதேன்னு சொல்லாம இருந்துட்டேன். நான் நேத்தே கெளம்பிட்டேன்பா, எங்கயும் நிக்கல, சோறுகூடத் திங்கல.

அவர் என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"எனக்கும் தெரியும் ஆயி."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"மொத தடவ போன்ல பேசினப்ப, இங்க இன்னும் விடியலன்னியே. எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு. பள்ளிக்கூடத்து வாத்தியாரக் கேட்டேன். அவரு ஆரஞ்சுப் பழத்த வச்சு, பொழுது எப்படி ஊருக்கு ஊரு மாறுதுன்னு காட்டுனாரு. தப்பாக் கணக்குப் போட்டுட்டமேன்னு இருந்துச்சு. ஆனா உங்கம்மா ஊரெல்லாம் ஆறரை ஆறரைன்னு சொல்லிச் சிரிச்சிக்கிட்டுத் திரியுறா. அவகிட்ட எப்படிச் சொல்றது? புள்ள பக்கத்துல இருக்குன்னு நெனச்சுக்கிட்டே இருக்கட்டும்னு வுட்டுட்டேன்."

ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல், ஒரே ஆளிடம் ஒரே பொய்யைக் காப்பாற்றி வைத்திருக்கிறோம். எனக்கு அழுகைகூட நின்றுவிட்டது.

"நேத்து ராவுல சொல்லிட்டேன் ஆயி" என்றார் அப்பா. "பன்னெண்டு மணி வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தா. காரு சத்தம் கேட்டா தலையத் தூக்குவா. ஒரு மணி ஆச்சு, ரெண்டு மணி ஆச்சு. ஆறரை மணி ஆயிருச்சா, ரோட்டு நேரமும் ஆயிருச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்தா. எனக்குப் பொறுக்கல. நெசத்தச் சொல்லிட்டேன். இந்தா பாரு, நான் அன்னைக்குத் தப்பாப் படிச்சுட்டேன், அந்த ஊருல பொழுது பின்னாடிதான் வெளுக்கும், ஆறரை இல்ல, அதுக்கு ரொம்ப மேல, புள்ள வந்துக்கிட்டுத்தான் இருக்கு, நாளைக்குப் பொழுதுசாயத்தான் வந்து சேரும், அதுவரைக்கும் பொறுத்துக்கன்னு கெஞ்சுனேன்."

"அம்மா என்னப்பா சொல்லுச்சு?"

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சிரிச்சா. என்னத் தேத்துறதுக்கு என்னென்ன கதையெல்லாம் கட்டுறீங்கன்னா. பொழுது ஊருக்கு ஒண்ணா இருக்கும், எனக்குத் தெரியாதான்னா. அதுக்கு வர மனசில்ல போலருக்கு, அங்க என்ன கஷ்டமோ, ஏசாதீங்க, எப்ப வந்தாலும் மொதல்ல சோத்தப் போடுங்கன்னா. அவ்வளவுதான். அப்புறம் பேசல. கோழி கூப்புட அடங்கிட்டா."

அண்ணி பக்கத்து வீட்டில் ஆக்கின சோற்றை ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு கரைக்கே வந்தாள். அப்பா அதை வாங்கி என் கையில் வைத்து, "தின்னு ஆயி, சொல்லிட்டுப் போயிருக்கா" என்றார். தின்றேன். அந்தக் கரையில் புகை மட்டுப்படும் வரைக்கும் உட்கார்ந்து தின்றேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அந்த வழியில் போய் வந்துவிட்டேன். பாலமும் வந்துவிட்டது, அப்பா போனபிறகு. ஒவ்வொரு தடவை விமானத்தில் ஏறும்போதும் அன்றைய கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கிறேன், என்னால் நிறுத்த முடியவில்லை. கோழி கூப்பிடுகிற நேரம் என்றால் நாலரை, ஐந்து. மகளுக்கு வர மனசில்லை என்று நினைத்துக்கொண்டு என் அம்மா கண்ணை மூடின அந்த நேரத்தில், நான் பம்பாயில், பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அடுத்த விமானத்துக்கு ஓடிக்கொண்டிருந்தேன்.